டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும்: ஜி.டி. அண்ட் டி. ஓர் அறிமுகம்



நம் பிள்ளைகளில் ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் படித்தவர்களும், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அம்பத்தூர், ஓசூர், கோவை என்று உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மெஷின் ஓட்டச் சில மாதங்களிலேயே பழகிவிடுகிறார்கள். ஆனால் சில வருடம் கழித்துப் பார்த்தால், ஒருவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கோ டிசைன் பிரிவுக்கோ மாறியிருப்பார். கூடவே சேர்ந்த இன்னொருவர் அதே மெஷினில் நின்றுகொண்டிருப்பார். பல இடங்களில் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றுதான். ஒருவருக்கு டிராயிங் முழுவதும் படிக்கத் தெரியும். மற்றவருக்கு அதிலுள்ள எண்கள் மட்டும்தான் தெரியும்.

எண்களைத் தவிர டிராயிங்கில் என்ன இருக்கிறது? சிறு சிறு கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களுக்குள் ஒரு குறி, ஓர் எண், ஒன்றிரண்டு எழுத்துகள். இதற்குத்தான் ஜியாமெட்ரிக் டைமென்ஷனிங் அண்ட் டாலரன்சிங் என்று பெயர், சுருக்கமாக ஜி.டி. அண்ட் டி. ஒரு பொருளின் அளவில் மட்டுமல்லாமல் அதன் வடிவத்திலும் சாய்விலும் இடத்திலும் எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடும் முறை இது. இன்டர்வியூவில் அடிக்கடி கேட்கப்படுவது. குறிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் பிள்ளைகள் அடுத்த கேள்வியிலேயே நின்றுவிடுவதும் இதில்தான். அதனால் குறிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறோம்.

எவ்வளவு தவறலாம்?

20 மி.மீ. கம்பி கடையச் சொன்னால், மிகச் சரியாக 20 மி.மீ. யாராலும் கடைய முடியாது. ஒன்று 19.98 வரும், இன்னொன்று 20.01 வரும். எவ்வளவு தவறினால் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் டாலரன்ஸ். கைலியின் நீளம் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். மோதிரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விரலில் ஏறாது. ஆக, எவ்வளவு தவறலாம் என்பதை அந்தப் பொருள் செய்ய வேண்டிய வேலை தீர்மானிக்கிறது. இந்த ஒரு வரியை மறக்காதவருக்கு மற்றவை எல்லாம் விளங்கும்.

பழைய முறையில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, 20 ± 0.05 என்று எழுதுவார்கள். இது தடிமனைச் சொல்லப் போதும். வடிவத்தைச் சொல்லப் போதாது. வீட்டில் இருக்கும் பூரிக்கட்டையைப் பாருங்கள். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும். எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் வட்டம்தான். ஆனாலும் அது நேரான உருளை கிடையாது. வட்டமாக இருப்பது வேறு, உருளையாக இருப்பது வேறு. தடிமன் அளவு மட்டும் எழுதிய டிராயிங் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லாது.

இன்னோர் உதாரணம். பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கங்கள். அது வட்டம் இல்லை என்று பார்த்தாலே தெரியும். ஆனால் எந்தப் பக்கமாக வைத்து வெர்னியரில் பிடித்தாலும் ஒரே அகலம்தான் காட்டும், அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் வரும் கம்பிகளிலும் இப்படி மூன்று, ஐந்து மேடுகளோடு வருவது உண்டு. மைக்ரோமீட்டரில் பாஸ் ஆகிவிடும். பேரிங்கில் போட்டால் சத்தம் போடும். அளந்தவர் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை டிராயிங் கேட்கவில்லை.

நல்ல பொருள் ஏன் குப்பைக்குப் போகிறது?

இந்த முறை பிறந்த விதத்தைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் பிரிட்டிஷ் கடற்படைக்கான டார்பிடோ தொழிற்சாலை இருந்தது. அங்கே பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் என்ற பொறியாளர் 1930களின் இறுதியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆன பாகங்களில் சில, பொருத்திப் பார்த்தால் சரியாகவே பொருந்தின. துளை எங்கே இருக்கலாம் என்று டிராயிங் சொன்ன விதத்தில்தான் பிழை என்று அவர் கண்டார். 1940இல் இதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். ஒரு தகட்டில் துளை போட வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து 40 ± 0.1, மற்ற விளிம்பிலிருந்து 30 ± 0.1 என்று டிராயிங் சொல்கிறது. அப்படியானால் துளையின் மையம் 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சிறு சதுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பொருள். இப்போது ஒரு துளையின் மையம் வலது பக்கமாக 0.1, மேல் பக்கமாக 0.1 விலகி, சதுரத்தின் மூலையில் இருக்கிறது. சரியான இடத்திலிருந்து அதன் தூரம் 0.141 மி.மீ. இது பாஸ். இன்னொரு துளை வலது பக்கமாக 0.12, மேல் பக்கமாக 0.05 விலகியிருக்கிறது. அதன் தூரம் 0.13 மி.மீ.தான். ஆனால் 0.12 என்பது 0.1ஐத் தாண்டிவிட்டதால் இது ரிஜெக்ட்.

அதிகம் விலகியது தேறிவிட்டது. குறைவாக விலகியது குப்பைக்குப் போகிறது! போல்ட்டுக்கோ மூலை, பக்கம் என்ற பேதம் தெரியாது. அது உருண்டையானது, எந்தத் திசையில் விலகினாலும் அதற்கு ஒன்றுதான். எனவே அனுமதிக்கும் இடமும் வட்டமாக இருப்பதே நியாயம். அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் சுமார் 0.28 மி.மீ. பரப்பளவு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். மூலையில் இருப்பதையே ஏற்றுக்கொள்ள முடியும் என்றால், இந்த வட்டத்துக்குள் வரும் எதையும் ஏற்றுக்கொள்ளலாம். தரத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், வீணாகும் பொருள் குறைகிறது.

ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்காரருக்கு இது பெரிய விஷயம். ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொரு துண்டிலும் இரும்பின் விலை, மெஷின் நேரம், ஆள் கூலி மூன்றும் போகின்றன. எதிர்ப் பக்கமும் உண்டு. தேறக்கூடாத துண்டு தேறிப் போனால், பொருத்தும் இடத்தில் வேலை நின்று, அனுப்பிய மொத்த லாட்டும் திரும்பி வரும். இரண்டு நஷ்டத்துக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் நம் பிள்ளைதான். அந்தத் தீர்ப்புக்கு அவர் கையில் இருக்கும் ஆதாரம் டிராயிங் மட்டுமே.

எங்கிருந்து அளப்பது?

விளிம்பிலிருந்து 40 என்றோம். எந்த விளிம்பை முதலில் ஆதாரமாக வைப்பது? இது வீண் கேள்வி போலத் தோன்றும். ஆனால் உண்மையான எந்தத் தகட்டிலும் இரண்டு விளிம்புகள் மிகச் சரியாக 90 டிகிரியில் சேராது. 100 மி.மீ. உயரத்துக்குள் ஒரு விளிம்பு 0.2 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கீழ் விளிம்பைச் சர்ஃபேஸ் பிளேட்டில் முதலில் உட்கார்த்தி அளக்கிறார். இன்னொருவர் பக்கவாட்டு விளிம்பை முதலில் உட்கார்த்தி அளக்கிறார். 50 மி.மீ. தூரத்தில் இருக்கும் துளையின் இடம் இருவருக்கும் சுமார் 0.1 மி.மீ. வேறுபட்டு வரும். பொருள் ஒன்று, கருவி ஒன்று, இருவரும் கவனமானவர்கள். விடைதான் இரண்டு. செய்து கொடுத்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நடக்கும் சண்டைகளில் பல இப்படித் தொடங்குபவைதான்.

இதற்கு முடிவுதான் டேட்டம், அதாவது ஆதாரப் பரப்பு. டிராயிங்கில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்ற வரிசையும் அதில் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள நம் மொழியே உதவுகிறது. நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடும். முக்காலி மேடு பள்ளமான தரையிலும் ஆடாது. ஒரு பரப்பு அசையாமல் உட்கார மூன்று புள்ளிகள் போதும். அதனால் முதல் ஆதாரமான ஏ-யின் மேல் பொருள் குறைந்தது மூன்று புள்ளிகளில் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே அதை நகர்த்தி, பி-யின் மேல் இரண்டு புள்ளிகளில் சாய்க்க வேண்டும். பிறகு தள்ளி, சி-யை ஒரு புள்ளியில் தொட வைக்க வேண்டும். இப்போது அது எந்தப் பக்கமும் நகராது, எந்தப் பக்கமும் திரும்பாது. மூன்று திசை நகர்வு, மூன்று திசைச் சுழற்சி என்ற ஆறு அசைவுகளும் அடங்கிவிட்டன. பட்டறையில் இதையே 3-2-1 என்பார்கள். ஜாப் பிடிக்கும் ஃபிக்சரைப் பார்த்தால் இந்தக் கணக்கு அதிலேயே தெரியும்.

எதை ஏ ஆக வைப்பது என்பதற்கு விதி எளிது. பொருத்தும்போது அந்தப் பாகம் எந்தப் பரப்பின் மேல் உட்காருகிறதோ, அதுவே முதல் ஆதாரம். பம்பின் மூடி என்றால், பம்பின் உடலோடு ஒட்டி நிற்கும் முகம். அளக்க வசதியான பரப்பு, பளபளப்பான பரப்பு என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அளவெல்லாம் சரியாக வரும், பொருத்தும்போது மட்டும் சேராது. அதேபோல் காற்றில் தொங்கும் ஒரு மையக் கோட்டை ஆதாரமாகச் சொல்ல முடியாது. எந்தத் துளையின் மையம், எந்தக் கம்பியின் மையம் என்று தொட்டு அளக்கக்கூடிய ஒன்றோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கட்டத்தை ஒரு வாக்கியமாகப் படிப்பது

இனி அந்தக் கட்டத்துக்கு வருவோம். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். முதல் அறையில் எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்பதற்கான குறி. இரண்டாவது அறையில் எவ்வளவு என்ற எண். அதற்கு முன் விட்டக் குறி இருந்தால் அனுமதிக்கும் இடம் வட்டம் அல்லது உருளை என்று அர்த்தம். அடுத்த அறைகளில் ஆதாரங்கள், வரிசைப்படி.

ஒரு வட்டத்தின் மேல் கூட்டல் குறி போட்டது போன்ற குறி, பக்கத்தில் விட்டம் 0.3, பிறகு ஏ, பி, சி என்று இருந்தால் இப்படிப் படிக்கலாம்: “பொருளை ஏ-யின் மேல் உட்கார்த்தி, பி-யில் சாய்த்து, சி-யைத் தொட வைத்த நிலையில், இந்தத் துளையின் மைய அச்சு அதன் சரியான இடத்தைச் சுற்றி 0.3 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் இருக்க வேண்டும்.” இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பழகும் பிள்ளைக்கு எந்தக் கட்டமும் பயம் தராது.

அந்தச் “சரியான இடம்” எங்கே எழுதியிருக்கும்? 40, 30 என்ற எண்களைத் தனித்தனியாக ஒரு பெட்டிக்குள் போட்டு எழுதியிருப்பார்கள். பேசிக் டைமென்ஷன் என்று பெயர். இந்த எண்ணுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது. புதிதாகப் படிப்பவர்கள் இங்கே குழம்புவார்கள்: டாலரன்ஸ் இல்லாத அளவை எப்படிச் செய்வது? அது இலக்கு மட்டுமே. அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதைக் கட்டம் சொல்கிறது.

முன்பு ரிஜெக்ட் ஆன துளையை இப்போது சோதித்துப் பார்ப்போம். விலகல் 0.12, 0.05. இரண்டையும் தனித்தனியே அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 0.0144 + 0.0025 = 0.0169. இதன் வர்க்கமூலம் 0.13. இரண்டால் பெருக்கினால் 0.26. அனுமதி 0.3. எனவே பாஸ். பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். வேறு கணக்கு ஒன்றும் இல்லை.

பதினான்கு குறிகள், ஐந்து குடும்பங்கள்

குறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட ஐந்து குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது வடிவம். நேர்கோட்டுத்தன்மை, தட்டைத்தன்மை, வட்டத்தன்மை, உருளைத்தன்மை என நான்கு. இவற்றுக்கு ஆதாரம் தேவையில்லை. பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

இரண்டாவது சாய்வு. இணையாக இருத்தல், செங்குத்தாக இருத்தல், குறிப்பிட்ட கோணத்தில் இருத்தல் என மூன்று. மேசைப் பலகை கண்ணாடி போலத் தட்டையாக இருக்கலாம். ஒரு பக்கக் கால்கள் குட்டையானால் தரைக்கு இணையாக இருக்காது. தட்டைத்தன்மை வேறு, இணை வேறு என்பது இதில் புரியும். ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் சாய்வைச் சொல்ல முடியும் என்பதால் இதற்கு ஆதாரம் கட்டாயம்.

மூன்றாவது இடம். முன்பு பார்த்த துளை உதாரணம் இந்தக் குடும்பம். ஒருமையம், சமச்சீர் ஆகிய இரண்டும் இதில்தான் சேரும்.

நான்காவது புரொஃபைல். வளைந்த பரப்புகளுக்கு உரியது. கோட்டுக்கு ஒன்று, பரப்புக்கு ஒன்று. வண்டியின் உடல் தகடு போன்ற வளைவுகளுக்கு இது இன்றியமையாதது.

ஐந்தாவது ரன்அவுட். சைக்கிள் கடையில் வீல் பெண்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீலைச் சுற்றிவிட்டு, ரிம் பக்கத்தில் விரலையோ சாக்பீஸையோ வைத்து, எங்கே உரசுகிறது என்று பார்ப்பார்கள். பட்டறையில் விரலுக்குப் பதில் டயல் கேஜ், அவ்வளவுதான். சுற்றும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் இது உதவும். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் ஒரு குறி, முழு நீளத்துக்கும் பார்த்தால் இன்னொரு குறி.

வட்டத்துக்குள் ‘எம்’

சில கட்டங்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்கும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது இதைத்தான். பணம் மிச்சமாவதும் இதில்தான்.

இரண்டு தகடுகளை 10 மி.மீ. போல்ட் போட்டு இணைக்கிறோம். இரண்டிலும் போல்ட் தாராளமாக நுழையும் துளைகள். துளையின் அளவு 10.3 முதல் 10.5 வரை இருக்கலாம். மிகச் சிறிய துளை 10.3, போல்ட் 10. இடைவெளி 0.3. அதனால்தான் இடத்துக்கான டாலரன்ஸ் 0.3 என்று வைத்தோம். ஒரு தகட்டின் துளை ஒரு பக்கமாக 0.15, மற்றதன் துளை எதிர்ப் பக்கமாக 0.15 விலகினாலும் போல்ட் நுழைந்துவிடும். பாருங்கள், 0.3 என்ற எண் யாரோ ஊகித்துப் போட்டது கிடையாது. போல்ட்டின் வேலையிலிருந்து வந்த கணக்கு.

இப்போது துளை 10.45 ஆக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவில் அது சரியானதே. துளை 0.15 பெரிதானதால் போல்ட்டுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது. அந்த 0.15ஐ இட டாலரன்ஸோடு சேர்த்து 0.45 வரை அனுமதிக்கலாம். வட்டத்துக்குள் ‘எம்’ இருந்தால் இந்தச் சலுகை உண்டு என்று பொருள். போனஸ் டாலரன்ஸ் என்பார்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் சலுகை இல்லை. துளை எந்த அளவில் இருந்தாலும் 0.3தான்.

இன்னொரு வசதியும் உண்டு. 10.3லிருந்து 0.3ஐக் கழித்தால் 10.0. சரியான இடங்களில் 10.0 மி.மீ. பின்கள் நட்ட ஒரு கேஜ் செய்துவிட்டால், தகட்டை அதில் மாட்டிப் பார்த்தாலே துளைகளின் இடம் சரியா என்று தெரிந்துவிடும். துளையின் அளவை மட்டும் பிளக் கேஜில் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டையும் விலை உயர்ந்த சி.எம்.எம். மெஷினில் ஏற்ற வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இந்த ‘எம்’ போடலாமா? கூடாது. போல்ட் நுழைந்தால் போதும் என்ற இடத்தில் போடலாம். பேரிங் உட்காரும் இடம், கியர்களுக்கு இடையிலான மைய தூரம் போன்றவற்றில் துளை பெரிதானது இடம் தவறியதை ஈடு செய்யாது. அங்கே சலுகை கொடுத்தால் மெஷின் சத்தம் போடும். மறுபடியும் அதே வரிதான்: பொருள் செய்ய வேண்டிய வேலையே தீர்மானிக்கிறது.

எந்த நாட்டு விதி என்று பாருங்கள்

ஒரே குறி இரண்டு விதிமுறைகளில் வேறு பொருள் தருவது உண்டு. அமெரிக்காவில் ஏ.எஸ்.எம்.இ. ஒய் 14.5 என்ற தரநிலை. இதன் 1994, 2009, 2018 பதிப்புகள் இன்றைய டிராயிங்குகளில் காணப்படும். ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 1101ஐயும் அதோடு சேர்ந்த தரநிலைகளையும் பின்பற்றுகின்றன. நம் நாட்டில் ஐ.எஸ். 8000 வரிசை இதற்குரியது.

வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம். 100 மி.மீ. நீளமுள்ள கம்பி, தடிமன் 19.95 முதல் 20.00 வரை. எங்கே அளந்தாலும் 19.98 வருகிறது. ஆனால் வில் போல 0.1 மி.மீ. வளைந்திருக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. டிராயிங் என்றால், வேறு குறிப்பு இல்லாத நிலையில் அது ரிஜெக்ட், 20.00 விட்டமுள்ள நேரான குழாய்க்குள் முழு நீளமும் போக வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. ஐ.எஸ்.ஓ. டிராயிங்கில் தடிமன் தனி, நேர்மை தனி. வளைவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ போட வேண்டும்.

2018 பதிப்பில் ஏ.எஸ்.எம்.இ. ஒருமையம், சமச்சீர் ஆகிய இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டது. அங்கே இப்போது பன்னிரண்டுதான். ஐ.எஸ்.ஓ.வில் அவை தொடர்கின்றன. எனவே டிராயிங் கைக்கு வந்ததும் கீழ் மூலையில் உள்ள டைட்டில் பிளாக்கை முதலில் படிக்க வேண்டும்: எந்தத் தரநிலை, எந்த வருடப் பதிப்பு, ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா. நம் கல்லூரிகளில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்க டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிளில் வரும். இதைப் பார்க்காமல் வேலை தொடங்கினால், பொருளின் இடமும் வலமும் மாறிப் போகலாம்.

எப்படிக் கற்பது?

முதலில் அடிப்படை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு பள்ளி, கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி. 46 என்ற பொறியியல் வரைபட நூலைக் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் வரைபடம், அளவியல் பாடங்களின் வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம்.

பிறகு கையில் ஒரு பொருள். மிக்ஸி கப்ளர், பழைய பம்பின் மூடி, டூவீலரின் பிரேக் டிரம், எதுவானாலும் சரி. தாளில் வரைந்து நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். இது என்ன வேலை செய்கிறது? எதன் மேல் உட்காருகிறது? வேலை கெடாமல் இருக்க வடிவம், சாய்வு, இடம், சுழற்சி இவற்றில் எதைக் கட்டுப்படுத்த வேண்டும்? எவ்வளவு? பலர் நான்காவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால்தான் தேவையில்லாத இடத்திலெல்லாம் 0.01 போடுகிறார்கள். தேவைக்கு மேல் இறுக்கினால் செய்கூலி ஏறும். பொருள் ஒன்றும் நன்றாக உழைக்கப் போவதில்லை. எல்லாப் பரப்பிலும் கட்டம் போட்ட டிராயிங் நல்ல டிராயிங் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, அளக்கும் பழக்கம். சர்ஃபேஸ் பிளேட், வி-பிளாக், டயல் கேஜ் மூன்றும் இருந்தால் பாதிக் குறிகளைக் கையால் செய்து பார்த்துவிடலாம். வேலை செய்யும் இடத்தில் இருக்கும் பிள்ளைகள், ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிடம் இன்ஸ்பெக்‌ஷன் மேசைப் பக்கம் நின்று, பெரியவர்கள் எப்படி உட்கார்த்தி அளக்கிறார்கள் என்று பார்த்தாலே நிறையப் புரியும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கேட் சாஃப்ட்வேர் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் வேண்டியதுதான். ஆனால் எந்தப் பட்டனை அழுத்தினால் கட்டம் வரும் என்பதைத்தான் அது சொல்லித்தரும்; கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பதைச் சொல்லித்தராது. ஃபீஸ் கட்டும் முன் கேளுங்கள்: எந்தத் தரநிலை, எந்தப் பதிப்பு சொல்லித்தருகிறீர்கள்? ஆதாரத்தைத் தேர்ந்தெடுப்பது பாடத்தில் உண்டா? உண்மையான பொருளை அளந்து பார்க்க வைப்பீர்களா? போனஸ் கணக்கும் கேஜ் கணக்கும் செய்வார்களா? பதில் தெளிவாக வந்தால் கட்டுங்கள். குறிகளின் படம் போட்ட ஒரு தாளைக் காட்டினால், அந்தத் தாளுக்கு அவ்வளவு பணம் தேவையில்லை. வேலையில் சேர்ந்து அனுபவம் வந்த பிறகு, ஏ.எஸ்.எம்.இ. நடத்தும் இரண்டு நிலைச் சான்றிதழ் தேர்வுகளைப் பற்றி யோசிக்கலாம். தொடக்கத்திலேயே அதற்கு ஓட வேண்டாம்.

மெக்கானிக்கல் படித்த நம் பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறோம். டிசைன், டிராயிங் சரிபார்த்தல், சி.எம்.எம். இன்ஸ்பெக்‌ஷன் ஆகிய வேலைகளில் உடல் பலத்தைவிடக் கவனமும் நிதானமும்தான் பெரிதாகத் தேவை. மெக்கானிக்கல் எடுத்தது தவறோ என்று வீட்டில் யோசிப்பதை விட்டு, அவர்களிடம் ஒரு டிராயிங்கையும் ஒரு வெர்னியரையும் கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், இதைப் படிக்கும் ஒரு பிள்ளை நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நிற்கும்போது, ரிஜெக்ட் முத்திரையை எடுக்கும் முன் டிராயிங்கை இன்னொரு முறை பார்க்கட்டும்: ஆதாரம் எது, குறி எது, ‘எம்’ உண்டா, எந்தப் பதிப்பு. நல்ல பொருள் குப்பைக்குப் போகாமலும், கெட்ட பொருள் வெளியே போகாமலும் இருக்க அந்த இரண்டு நிமிடம் போதும்.